ஸ்லாலம் வாட்டர் ஸ்கீ: எழுந்து நிற்பது முதல் ஆறாவது மிதவை வரை

ஸ்லாலம் என்பது படகு இழுக்க, ஒற்றைப் பலகையில் நின்று, மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போவது. இரண்டு பலகையில் தடுமாறாமல் போக வந்துவிட்டது, இனி ஒற்றைப் பலகைக்கு மாற வேண்டும் என்பவர்களுக்கும், ஒற்றைப் பலகையில் எழுந்துவிடுகிறேன், ஆனால் படகின் அலையைத் தாண்டும்போதெல்லாம் விழுகிறேன் என்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பழகியது கனடாவில், ஒன்டாரியோ ஏரிகளில். அப்புறம் சில கோடைகளாகப் படகின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விழும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: படகைக் கையால் இழுக்கப் பார்க்கிறார்கள்.

படகு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அதை நாம் இழுக்க முடியாது. அது இழுக்கும் இழுப்பை இடுப்பு வழியாகப் பலகைக்கு அனுப்புவதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

1. தண்ணீரில் இறங்குமுன்

பலகை: 70 முதல் 80 கிலோ எடையுள்ளவர் 67 அல்லது 68 அங்குலத்தில் தொடங்கலாம். நடுப்பகுதி அகலமாக உள்ளதாகப் பாருங்கள். அகலமான பலகை குறைந்த வேகத்திலேயே தண்ணீருக்கு மேல் வந்துவிடும். போட்டிக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட ஒல்லிப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது 55 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்தது, நம் வேகத்தில் அமிழும். அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் சிறு தகடான ஃபின்னின் திருகுகளையும் தொடாதீர்கள். நிற்கும் நிலை சரியாகும்வரை அதில் செய்யும் மாற்றம் உங்களுக்கு எதையும் சொல்லாது.

முன்கால் பூட் இறுக்கமாக இருக்க வேண்டும், குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. பின்காலுக்கு முதலில் வெறும் பட்டை போதும்.

உடுப்பு: உடம்போடு ஒட்டும் லைஃப் ஜாக்கெட். கோடை நடுவிலும் வெட்சூட் கால்சட்டையாவது போடுங்கள். வேகமாக உட்கார்ந்த நிலையில் விழுந்தால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குள் அழுத்தத்தோடு போகும். சிரிப்பாக இருந்தாலும் காயம் நிஜம்.

கயிறு: நீளாத ஸ்கீ கயிறு, கைப்பிடியோடு சேர்த்து 23 மீட்டர். ரப்பர் ட்யூப் இழுக்கும் கயிறு நீளும், நீண்டது சுண்டித் திரும்பும், ஆகவே வேண்டாம்.

படகு: ஓட்டுபவரைத் தவிர பின்னால் பார்க்க இன்னொருவர் கட்டாயம். கனடாவில் இது சட்டம். இழுக்கப்படுபவருக்கும் படகில் ஓர் இருக்கை மீதம் இருக்க வேண்டும், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இழுக்கக் கூடாது. வேக்போர்டு படகு என்றால் அதன் நீர்ப்பைகளைக் காலி செய்யுங்கள். கூட வந்தவர்களைப் பின்சீட்டில் குவிக்காதீர்கள். பின்பாரம் கூடினால் அலையும் கூடும்.

சைகைகளைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து, தலையில் தட்டினால் கரைக்குப் போகலாம். விழுந்தவுடன் இரு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் ‘நலமாக இருக்கிறேன்’. விழுந்து இதைக் காட்டாதவரிடம் படகு உடனே போக வேண்டும், பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைக்க வேண்டும்.

2. முன்கால் எது?

கண்ணை மூடி நிற்கும் ஒருவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளி, எந்தக் கால் முன்னே போகிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அது ஒரு குறிப்பு மட்டும்தான். உண்மையான சோதனை தண்ணீரில்: இரண்டு பலகையில் போகும்போது ஒரு காலை ஒரு சாண் உயர்த்தி ஐந்து விநாடி வையுங்கள், பிறகு மற்றக் கால். எந்தக் காலில் நிதானமாக நிற்க முடிகிறதோ அதுவே முன்கால்.

அடுத்து, பின்பட்டை உள்ள பலகையை அந்தக் காலில் போட்டு, மற்றதைக் கழற்றிவிட்டுப் பழகுங்கள். படகு பின்னால் கிளப்பும் இரண்டு அலைமேடுகளுக்கும் நடுவில் இருந்து, எடை முழுவதையும் முன்காலுக்கு மாற்றியபின் மற்றக் குதிகாலை உயர்த்தினால் பலகை தானாக நழுவும். வெறுங்காலை உடனே பட்டைக்குள் நுழைக்கத் தேடாதீர்கள். விரல்நுனி தண்ணீரை உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் வரட்டும், அது மூன்றாவது கால் மாதிரித் தாங்கும். பிறகு காலைப் பலகையின் பின்பகுதியில் வைத்து முன்னோக்கித் தடவிக்கொண்டே பட்டைக்குள் விடுங்கள். குனிந்து பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். தலை எங்கே போகிறதோ உடம்பும் அங்கேதான் போகும்.

3. கரையில் ஒரு மரம்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பலன் தந்த பயிற்சி வேறில்லை.

கைப்பிடியை ஒரு மரத்தில் இடுப்புயரத்தில் கட்டுங்கள். மரத்துக்குப் பக்கவாட்டில், ஒரு காலை மற்றதன் முன்னே வைத்து, பலகையில் நிற்பது போல நில்லுங்கள். ஒரு உள்ளங்கை மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் கைப்பிடியைப் பிடியுங்கள். இப்போது முழங்கையை மடக்கி, கைப்பிடியை மார்புக்கு இழுத்தபடி, மரத்தை விட்டு விலகிச் சாயுங்கள். அரை நிமிடத்துக்குள் முன்கை எரியும்.

அடுத்து, கைகளை நேராகக் கீழே விடுங்கள். கைப்பிடி தொடையின் மேற்பகுதிக்கு அருகே வரட்டும். இடுப்பைக் கைப்பிடியை நோக்கி முன்னே தள்ளுங்கள், தோளை மரத்தை விட்டு விலக்குங்கள். அதே சாய்வு, ஆனால் ஒரு நிமிடம் சும்மா நிற்கலாம். பாரம் முதுகுக்கும் காலுக்கும் போய்விட்டது, கை வெறும் கொக்கியாகிவிட்டது.

காரணம் எளிது. கயிற்றின் இழுப்பு இடுப்பருகே வந்தால் அது உடம்பின் எடைமையத்தின் வழியாகப் போகிறது, உடம்பு ஒரே கட்டையாக நிற்கிறது. மார்புயரத்தில் வந்தால் தோளை முன்னே இழுக்கிறது, இடுப்பு பின்னே போகிறது, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றும் ஒரே சாய்கோட்டில் இருந்தால் சரி.

என் முதல் கோடையில் இதைச் செய்யாமல் நேரே தண்ணீரில் இறங்கினேன். மறுநாள் காலையில் தோசைக்கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

4. ஆழத்தில் இருந்து எழுவது

தண்ணீரில் பந்து மாதிரிச் சுருளுங்கள். முன்கால் முழங்கால் மார்பை ஒட்டட்டும், குதிகால் உட்காரும் இடத்துக்கு அருகே வரட்டும். பலகையின் முனை தண்ணீருக்கு மேல் ஒரு அடி தெரிய வேண்டும், படகை நோக்கி இருக்க வேண்டும். கயிறு பலகையின் ஒரு பக்கமாகப் போகும். எந்தப் பக்கம் வைத்தால் முனை ஆடாமல் நிற்கிறது என்று இரண்டையும் முயன்று பார்த்துவிடுங்கள். கைகள் நேராக இருக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, விரலையும் கைப்பிடியின் முக்கோணத்துக்குள் நுழைக்கக் கூடாது.

படகு முதலில் மெல்ல நகர்ந்து கயிற்றை இறுக்கும். இறுகியபின்தான் ‘போ’ என்று கத்துங்கள். அதன்பின் நீங்கள் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டுமே.

இங்கேதான் முதல் பெரிய பிழை. தண்ணீர் மூஞ்சியில் அடிக்கும்போது காலை நீட்டி எதிர்த்து உதைக்கத் தோன்றும். நீட்டிய கணமே பலகை தண்ணீருக்கு எதிரே சுவராகிவிடும், கையிலிருந்து கைப்பிடி பிடுங்கிக்கொள்ளும். முழங்காலை மடக்கியே வைத்தால் பலகை தானாகப் படுத்து மேலே வரும். பலகை உங்களுக்கு அடியில் தட்டையாக ஓடுவதை உணர்ந்தபிறகு, மெதுவாக எழுந்தால் போதும்.

போன கோடையில் ஒரு தம்பி ஆறு முறை விழுந்தான். “அண்ணா, கை கழண்டுடும் போல இருக்கு” என்றான். ஏழாவது முறை அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: “பத்து எண்ணுற வரைக்கும் எழும்பாத.” எட்டு எண்ணும்போது நின்றுவிட்டான்.

ஓட்டுபவருக்கும் ஒரு வார்த்தை. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாகத் தள்ளாமல், விட்டுவிடாமல், சீராகக் கூட்டுங்கள். விழுந்தவரை எடுக்க வேகமாக வட்டம் அடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, வந்த கோட்டிலேயே திரும்பிப் போங்கள். இல்லையென்றால் உங்கள் அலையே அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

5. நிற்கும் நிலை, வேகம்

நடு நீரில், எங்கும் திரும்பாமல், இரண்டு மூன்று ஓட்டம் வெறுமனே நின்று பழகுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

கணுக்காலில் தொடங்குங்கள். முன்காலின் கணைக்கால் எலும்பு பூட்டின் நாக்கில் அழுந்த வேண்டும். கணுக்கால் மடங்கினால் இடுப்பு தானாக முன்காலுக்கு மேல் வரும். ‘முழங்காலை மடக்கு’ என்று மட்டும் சொன்னால் எல்லோரும் பின்னே உட்கார்ந்துவிடுகிறார்கள். எடை வாலுக்குப் போகும், முனை எழும்பும், பலகை உழுதுகொண்டு வரும், திரும்பாது. பார்வை படகுக்கு மேலே, தொடுவானத்தில் இருக்கட்டும்.

வேகம் பற்றி. பயத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு 30 கிலோமீட்டரில் ஒற்றைப் பலகை உண்மையில் கடினம்: பலகை அமிழ்கிறது, படகும் மூக்கைத் தூக்கிக்கொண்டு பெரிய அலையைக் கிளப்புகிறது. 40 முதல் 45 வரை வசதியான வேகம். குழந்தைகளுக்கு எடை குறைவு, 25 முதல் 32 போதும்.

6. அலையைத் தாண்டுவது

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

படகின் பின்னால் இரண்டு அலைமேடுகள் விரியும். முதலில் ஒரு பக்கம் மட்டும் வெளியே போய் வாருங்கள். வெளியே அமைதியான நீரில் கொஞ்ச தூரம் நின்று, மெல்ல உள்ளே வாருங்கள். இரு பக்கமும் பயம் போனபின்தான் குறுக்கே தாண்டுவது.

தாண்டும்போது மரத்தடியில் செய்ததையே செய்யுங்கள். கை நேர், கைப்பிடி தாழ்வு, இடுப்பு முன்னே, உடம்பு முழுவதும் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்வு. சாய்ந்தால் பலகையின் விளிம்பு நீரை வெட்டும், வெட்டும் விளிம்பு அலையைப் பிளந்துகொண்டு போகும்.

புதியவர் செய்வது இது. அலை அருகே வந்ததும் பயந்து நிமிர்கிறார். நிமிர்ந்தால் விளிம்பு விடுபட்டுப் பலகை தட்டையாகிறது. தட்டையான பலகைக்கு அலைமேடு ஒரு தாவுமேடை. தூக்கி எறிகிறது, முனை குத்துகிறது, முகம் முதலில் போகிறது. விழுந்தவர் ‘அலை பெரியது’ என்பார். அலை அதேதான், அவர் சாய்வை இரண்டு மீட்டர் முன்னதாக விட்டுவிட்டார்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது அலைமேட்டைத் தாண்டும்வரை சாய்வை விடுவதில்லை. மெதுவாகச் சாய்ந்தாலும் பரவாயில்லை, ஒரே அளவாக இருக்கட்டும். தொடக்கத்தில் பலமாக வெட்டி நடுவில் தளர்வதைவிட, லேசாகத் தொடங்கி நடுவில் கூட்டுவது நல்லது. முழங்கால் மென்மையாக இருந்தால் மேட்டின் உதறலை அதுவே வாங்கிக்கொள்ளும்.

இது சரியாக வருகிறதா என்று தெரிய ஓர் அடையாளம் உண்டு. சரியாகத் தாண்டினால் அலை ‘டப்’ என்று ஒரு முறை காலடியில் தட்டும், அவ்வளவுதான். படபடவென்று இரண்டு மூன்று தட்டு தட்டினால் பலகை தட்டை.

ஒரு ஓட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிடி தளர்ந்தால் முழங்கை மடங்கும், மடங்கிய முழங்கையோடு செய்யும் பத்துத் தாண்டல்கள் பத்து முறை பிழையைப் பழக்கும்.

7. திரும்புவது

இரண்டாவது மேட்டைத் தாண்டியதும் மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும்.

முதலில், கைப்பிடியை விட்டுக்கொடுக்காமல் இருப்பது. படகு உங்கள் கையைத் தன் பக்கம் இழுக்கும். முழங்கைகளை லைஃப் ஜாக்கெட்டோடு ஒட்டி வையுங்கள். கை போய்விட்டால் நீங்கள் சேர்த்த வேகம் பக்கவாட்டில் போகாமல் படகின் பின்னாலேயே போய்விடும்.

இரண்டாவது, விளிம்பு மாற்றுவது. சாய்வை விட்டு, பலகை உடம்புக்கு அடியில் கடந்து மறுவிளிம்புக்குப் போக விடுங்கள். முழங்கால் இப்போது நன்றாக மென்மையாக இருக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது, பலகை வெளியே வழுக்கிக்கொண்டு போகட்டும்.

மூன்றாவது, கை நீட்டுவது. வெளிக்கையை விட்டுவிட்டு, படகுப் பக்கத்துக் கையால் கைப்பிடியைத் தாழ்வாகப் படகை நோக்கி நீட்டுங்கள். வலப்பக்கம் போனால் வலக்கை விடும், இடக்கை பிடிக்கும். நீட்டுவதன் காரணம்: கயிறு இறுக்கமாகவே இருக்கும், உடம்பு மட்டும் இன்னும் வெளியே போகும்.

திரும்பும்போது தோளை முறுக்கி இழுக்காதீர்கள். இடுப்பு முன்காலுக்கு மேல், கணுக்கால் மடங்கி இருந்தால் முனை நீருக்குள் பதிந்து பலகை தானாக வளையும். நீங்கள் காத்திருக்க வேண்டும். பலகை திரும்பி முடிந்து, கைப்பிடி இடுப்பருகே வந்தபின் இரண்டாவது கையைச் சேர்த்துச் சாயுங்கள். பலகையைக் கைப்பிடியிடம் கொண்டுபோங்கள், கைப்பிடியைப் பலகையிடம் பிடுங்காதீர்கள்.

ஒரு பக்கத் திருப்பம் எளிதாகவும் மறுபக்கம் கட்டையாகவும் வரும். எல்லோருக்கும் அப்படித்தான். கட்டையான பக்கத்தில் உடம்பு பின்னே சாயும், ஆகவே ஓட்டத்தின் முதல் சில திருப்பங்களை, களைப்பு வருமுன், அந்தப் பக்கத்துக்கே கொடுங்கள்.

8. கயிறு தொய்ந்தால்

மிகக் கூர்மையாகத் திரும்பினாலோ, படகை நோக்கித் திரும்பிவிட்டாலோ கயிறு தொய்யும். சில கணங்களில் அது வெடுக்கென்று இறுகும்.

கையை மடக்கித் தொய்வை வாங்கப் பார்க்காதீர்கள். கைப்பிடியை இரு கையாலும் இடுப்பருகே தாழ்வாகப் பிடித்து, முழங்காலை மடக்கி, முனையைப் படகை விட்டு விலக்குங்கள். இறுகும்போது தாழ்வாக இருப்பவர் தப்புவார். தாங்காது என்று தோன்றினால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். விட்டால் மெல்லத் தண்ணீரில் இறங்குவீர்கள், பிடித்துக்கொண்டிருந்தால் தோள் நோகும்.

9. மிதவைகளுக்குப் போகுமுன், போனபின்

தொடர்ந்து இருபது தாண்டல், இரு பக்கமும், கயிறு தொய்யாமல் வந்தால் பாதைக்குப் போகலாம். அதற்கு முன் வேண்டாம். மிதவையைக் கண்டால் உடம்பு கற்றதை மறந்துவிடும்.

ஸ்லாலம் பாதை 259 மீட்டர் நீளம். ஆறு மிதவைகள், நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி. 1, 3, 5 வலப்பக்கம். மிதவைக்கு மிதவை நீளவாக்கில் 41 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 41 மீட்டரைப் படகு சுமார் 3.7 விநாடியில் கடக்கும், அதற்குள் நீங்கள் குறுக்கே 23 மீட்டர் போய்த் திரும்பியிருக்க வேண்டும். ஆண்களுக்கான போட்டியின் உச்ச வேகமான 58-இல் அது இரண்டரை விநாடி. அங்கே வேகத்தைக் கூட்டி முடித்தபின் கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25, 16, 14.25 மீட்டர் என்று. 11.25 மீட்டர் வந்ததும் கயிறு மிதவையின் தூரத்தைவிடக் குட்டை, மீதியை உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். நமக்கு 23 மீட்டரே போதும்.

முதலில் முழு அகலத்துக்குப் போகாதீர்கள். படகுக்கு வழிகாட்டும் நடு மிதவைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவற்றுக்குச் சற்று வெளியே திரும்பி, தாளத்தை மட்டும் பிடியுங்கள். சில ஏரிகளில் உள்பக்கமாகச் சிறு பாதையும் கட்டியிருப்பார்கள், இருந்தால் அதுவே நல்லது. தாளம் வந்தபின் அகலம் கூட்டுங்கள், வேகத்தை அல்ல.

பாதையின் தொடக்கத்தில் இரு மிதவைகளுக்கு நடுவே உள்ள நுழைவாசலையும் முதலில் விட்டுவிடுங்கள். இடப்பக்கம் அகலமாகப் போய்க் காத்திருந்து, வாசலைப் பற்றிக் கவலைப்படாமல் சற்று முன்னதாகவே குறுக்கே வெட்டி, முதல் மிதவைக்கு நேரத்தோடு போங்கள். முதல் மிதவைக்குத் தாமதமானவர் ஆறாவது வரை தாமதம்தான்.

மிதவையை உற்றுப் பார்த்தால் நேரே அதன் மேலேயே போவீர்கள். அதைக் கடைக்கண்ணில் வைத்து, பார்வையை அதற்கு வெளியே அகலமான நீரில் வையுங்கள். திருப்பத்தை மிதவைக்கு முன்பே தொடங்குங்கள், மிதவையைக் கடக்கும்போது பாதித் திருப்பம் முடிந்திருக்க வேண்டும். மிதவைக்கு வந்துதான் திரும்பத் தொடங்கினால் முடிப்பதற்குள் படகு வெகுதூரம் போயிருக்கும், அப்புறம் அடுத்ததைத் துரத்த வேண்டியதுதான்.

ஒன்று தவறினால் துரத்தவே வேண்டாம். மூன்றாவது போய்விட்டதா, நான்காவதையும் விடுங்கள். உள்ளே நிதானமாக ஒரு திருப்பம் எடுத்து, ஐந்தாவதற்கு முன்கூட்டியே கிளம்புங்கள். பின்னால் பார்ப்பவரிடம் கைபேசியைக் கொடுத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் மிதவைகளை எண்ணாமல், இரண்டு அலைமேடுகளுக்கும் நடுவில் உங்கள் முழங்கை நேராக இருந்ததா என்று மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.